தாய்க்கு இருக்கும் எச்ஐவி குழந்தைக்குப் போகாமல் தடுப்பது எப்படி?

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்த அந்தக் கொடுமையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு, ஏற்றிய ரத்தத்தின் வழியாகவே எச்ஐவி தொற்றியது. அடுத்த மாதமே குழந்தை பிறந்தது. சில வாரங்கள் கழித்துச் சோதனை செய்து பார்த்தார்கள். குழந்தைக்கு எச்ஐவி இல்லை என்று முடிவு வந்தது.

செய்தியைப் படித்தவர்களுக்கு நிம்மதி வந்தது, கூடவே குழப்பமும் வந்தது. தாயின் ரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே வயிற்றில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படி இல்லாமல் போகும்? சோதனையில் ஏதாவது தவறா? இப்போது இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு வந்துவிடுமா?

எச்ஐவி உள்ள தாய்க்கு ஆரோக்கியமான குழந்தை பிறந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் பலர் அதை ஓர் அதிசயமாகவே படிக்கிறார்கள். அப்படி நினைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதிசயம் என்றால் அது யாரோ ஒருவருக்கு நடக்கும், நமக்கு எங்கே நடக்கப்போகிறது என்று மனசு விட்டுப்போகும். உண்மையில் இது நாள் கணக்குப் பார்த்துச் செய்யப்படும் வைத்தியம். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். அதை அடியிலிருந்து பார்ப்போம்.

இரண்டு ரத்தம், நடுவே ஒரு சுவர்

பிள்ளையை "என் ரத்தம்" என்று சொல்வது பாசத்துக்குச் சரி. உடம்பின் கணக்கில் தாயின் ரத்தமும் வயிற்றுப் பிள்ளையின் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. நஞ்சுக்கொடியில் ஒரு பக்கம் தாயின் ரத்தம், மறுபக்கம் குழந்தையின் ரத்தக்குழாய்கள், நடுவே மெல்லிய திசுச் சுவர். பிராணவாயுவும் சத்துகளும் தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். ரத்தம் அப்படியே கலந்துவிடாது. தாய்க்கு ஒரு ரத்த குரூப், பிள்ளைக்கு வேறு குரூப் என்று இருந்தும் பத்து மாதம் பிள்ளை நல்லபடியாக வளர்வது இதனால்தான்.

எச்ஐவிக்கும் இந்தச் சுவர் பெரிய தடை. ஆகவே, ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத தாய்மார்களின் குழந்தைகளிலும் எல்லோருக்கும் தொற்று வருவதில்லை. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கிருமி நுழைய மூன்று சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

1. வயிற்றில் இருக்கும்போது. 100க்கு 5 முதல் 10 வரை. அதிலும் பெரும்பகுதி கடைசி மாதங்களில் நடக்கிறது. நஞ்சுக்கொடியில் நோய்த்தொற்று, அழற்சி ஏதாவது இருந்தால் சுவர் பலவீனப்படும்.

2. பிரசவ நேரத்தில். 100க்கு 10 முதல் 20 வரை. மூன்றில் அதிகக் கவனம் தேவைப்படும் சில மணி நேரங்கள் இவை. வலி எடுத்துக் கர்ப்பப்பை இறுகும்போது தாயின் ரத்தம் சிறு அளவில் குழந்தையின் பக்கம் கசியலாம். பனிக்குடம் உடைந்த பிறகு, தாயின் ரத்தமும் திரவங்களும் குழந்தையின் கண், வாய், மூக்கில் நேராகவே படுகின்றன.

3. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில். 100க்கு 5 முதல் 20 வரை. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் பால்குடி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நடக்கிற காரியம். சிறுசிறு வாய்ப்புகள் சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கிற எண்

மூன்று சந்தர்ப்பத்திலும் ஒரே எண்தான் முக்கியம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற எண். மருத்துவமனையில் இதை வைரல் லோடு என்கிறார்கள். சிகிச்சை எடுக்காதவருக்கு இது ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இருக்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு 50க்கும் கீழே இறங்கி, கருவியால் எண்ண முடியாத அளவுக்குப் போய்விடும்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிடி4 என்பது எச்ஐவி தாக்குகிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. தாய் எவ்வளவு தெம்பாக இருக்கிறார் என்பதை அது சொல்லும். குழந்தைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வைரல் லோடுதான் முக்கியமாகச் சொல்லும். தாய் பார்க்க ஆரோக்கியமாக இருக்கலாம், சிடி4 நன்றாக இருக்கலாம், வைரல் லோடு மட்டும் எகிறி இருக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்து நிகழ்வு மருத்துவர்களைப் பதறவைத்த காரணம் இங்கேதான் இருக்கிறது. எச்ஐவி புதிதாகத் தொற்றிய முதல் சில வாரங்களில் வைரல் லோடு உச்சத்தில் இருக்கும். உடம்பு இன்னும் எதிர்க்கப் பழகவில்லை, கிருமி தாறுமாறாகப் பெருகும். அந்த உச்சமும் பிரசவ நாளும் அவர் விஷயத்தில் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. நாட்களை எண்ணி வைத்தியம் செய்ய வேண்டிய நிலைமை அது.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

எச்ஐவி தானாகப் பெருகாது. சிடி4 அணுவுக்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை அந்த அணு படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றி எழுதி, பிறகு அதை அணுவின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும். அதன்பின் அந்த அணுவே வைரஸ் தயாரிக்கும் பட்டறை ஆகிவிடுகிறது.

இந்தியாவில் இன்று தரப்படும் முதல்வரிசைக் கூட்டு மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். மூன்றும் ஒரே மாத்திரையில், ஒரு நாளைக்கு ஒரு வேளை. முதல் இரண்டும் மாற்றி எழுதும் வேலையைக் கெடுக்கின்றன. மூன்றாவது, எழுதியதைச் செருகவிடாமல் தடுக்கிறது. ஏற்கெனவே செருகப்பட்ட அணுக்களை எந்த மருந்தாலும் துடைத்தெடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பட்டறை மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

குழந்தைக்கு இதில் இரண்டு விதமான காப்பு கிடைக்கிறது. ஒன்று, தாயின் ரத்தத்திலும் பாலிலும் கிருமி குறைந்துவிடுகிறது. இரண்டு, இந்த மருந்துகள் நஞ்சுக்கொடிச் சுவரைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்துக்கும் போகின்றன. பிறக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு கிருமி உள்ளே வந்தாலும், வேரூன்ற விடாமல் மருந்து அங்கே முன்கூட்டியே காத்திருக்கிறது.

ஒரே ஒரு மாத்திரையில் தொடங்கிய கதை

1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஜிடோவுடின் என்ற ஒரே மருந்தைக் கர்ப்பிணிக்கும், பிரசவ நேரத்திலும், பிறகு குழந்தைக்கும் கொடுத்தபோது, தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதத்துக்கு இறங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதை மருந்தால் தடுக்க முடியும் என்று உலகம் நம்பியது அன்றுதான். ஆனால் பல வாரங்கள் மருந்து, பிரசவத்தின்போது நரம்பு வழியாக மருந்து என்று அது பணக்கார நாடுகளுக்கு மட்டுமே கட்டுபடியாகிற முறையாக இருந்தது.

1999இல் உகாண்டாவிலிருந்து வந்த ஆய்வு நிலைமையைப் புரட்டிப்போட்டது. வலி எடுத்தவுடன் தாய்க்கு நெவிராபின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதே மருந்தின் சிரப் ஒரு வேளை. அவ்வளவுதான். தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் அரசு இந்த மருந்தை எல்லா மருத்துவமனைகளுக்கும் கொடுக்கத் தயங்கியபோது, நோயாளிகள் தரப்பு இயக்கம் நீதிமன்றம் போனது. 2002 ஜூலையில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் 2002இல் தேசியத் திட்டம் தொடங்கியபோது கையில் இருந்தது இந்த ஒற்றை மாத்திரைதான்.

அதில் ஒரு குறை இருந்தது. நெவிராபின் உடம்பில் நீண்ட நாள் தங்கி மெதுவாகக் கரையும். கூட வேறு மருந்து இல்லாததால், அந்த நாட்களில் அதற்கு அடங்காத வைரஸ் வகைகள் தலையெடுத்தன. குழந்தையைக் காப்பாற்றிய மாத்திரையே, பின்னாளில் தாய்க்குச் சிகிச்சை தேவைப்படும்போது அந்த மருந்தைப் பயனற்றதாக்கியது. அப்புறம் இன்னொன்று: பிரசவத்தின் சில மணி நேரத்தை மட்டும் அது காத்தது. பால் கொடுக்கும் மாதங்களுக்குக் காப்பு இல்லை. அந்தத் திட்டத்தில் தாய், குழந்தைக்குக் கிருமி கடத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வழியாக மட்டுமே பார்க்கப்பட்டார், அவருடைய உயிர் கணக்கில் வரவில்லை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அது நியாயமான விமர்சனம்.

2012இல் தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் கர்ப்பிணிகளுக்கு மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தது. 2014 ஜனவரி முதல், எச்ஐவி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சிடி4 எவ்வளவு என்று பார்க்காமல் உடனே தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடர்வது என்று நாடு முழுவதற்கும் மாறியது. தாயின் ஆயுளும் குழந்தையின் காப்பும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது அப்போதுதான்.

டொலுடெக்ராவிர் கர்ப்பிணிக்கு ஆகாது என்ற பேச்சு

இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செய்தி இது. 2018 மே மாதம் போட்ஸ்வானாவில் இருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. கரு உண்டாகும் நேரத்திலேயே டொலுடெக்ராவிர் சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் 4 பேருக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு இருந்தது. வழக்கமாக ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் வருவது, நூறில் ஒன்றை நெருங்கியது. உலகமே நிதானித்தது. பல நாடுகளில் பெண்களுக்கு இந்த மருந்து மறுக்கப்பட்டது.

அதே ஆய்வு தொடர்ந்து நடந்தது. பெண்களின் எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் இறங்கியது. 2019இல் 1,683 பேரில் 5 என்று ஆனது. பின்னர் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2019 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. ஆகவே, பழைய செய்தியைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வைரல் லோடு ஏறும். அந்த ஆபத்து நிச்சயமானது.

கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தால் தனி நன்மையும் உண்டு. இது வைரல் லோடை வேகமாக இறக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் எச்ஐவி இருப்பது தெரியவந்த பெண்களிடம் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு ஆய்வு நடந்தது. டொலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் பிரசவத்தின்போது வைரல் லோடு 50க்குக் கீழே வந்திருந்தது. பழைய மருந்தான எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களில் அது 43 சதவீதம்தான்.

ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு

எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் பார்வையில் மிகத் தெளிவான சான்று பிரான்சில் கிடைத்தது. அங்கே 2000 முதல் 2011 வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய், சேய்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். குழந்தைக்குத் தொற்று வந்த விகிதம் இப்படி இருந்தது:

1. கரு உண்டாகும் முன்பே சிகிச்சையில் இருந்தவர்கள்: 0.2 சதவீதம்.
2. முதல் மூன்று மாதத்தில் தொடங்கியவர்கள்: 0.4 சதவீதம்.
3. நடு மூன்று மாதத்தில் தொடங்கியவர்கள்: 0.9 சதவீதம்.
4. கடைசி மூன்று மாதத்தில் தொடங்கியவர்கள்: 2.2 சதவீதம்.

அதற்குள்ளே இன்னொரு எண் இருக்கிறது. கரு உண்டாகும் முன்பே மாத்திரை தொடங்கி, விடாமல் சாப்பிட்டு, பிரசவத்தின்போது வைரல் லோடு 50க்குக் கீழே வைத்திருந்த தாய்மார்களின் குழந்தைகள் 2,651 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இவர்கள் தாய்ப்பால் கொடுக்காதவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மருந்து வேலை செய்கிறது. வாரங்கள் வீணாவதுதான் நம் பிரச்சினை. அந்த வாரங்கள் எங்கே வீணாகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் நம் வீட்டு நடைமுறைகளில்தான்.

முதல் சோதனையிலிருந்து பிரசவ அறை வரை

கர்ப்பம் பதிவானவுடன் எடுக்கும் ரத்தச் சோதனைகளில் எச்ஐவியும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆலோசனை, பரிசோதனை மையத்தைத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்கிறோம். அங்கே ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். தொற்று உறுதியானால் அங்கிருந்து, எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்துக்கு அனுப்புவார்கள். மாத்திரை, சோதனை எல்லாம் இலவசம். 2017ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் சோதனை செய்வதும், விவரத்தை வெளியே சொல்வதும், எச்ஐவியைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பதும் கூடாது. அந்தச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

இனி, இடறும் இடங்கள்.

முதலாவது, ஒரே ஒரு சோதனையோடு நிறுத்திவிடுவது. மூன்றாம் மாதத்தில் இல்லை என்று வந்தது, பிறந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொற்று ஏற்பட்டும் சோதனையில் தெரியாத சில வாரங்கள் உண்டு. அப்புறம், கர்ப்ப காலத்திலேயே கணவரிடமிருந்து புதிதாகத் தொற்று வரலாம். புதுத் தொற்றில் வைரல் லோடு உச்சத்தில் இருக்கும் என்று மேலே சொன்னேன். வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கடைசி மாதங்களில் மறுசோதனை தேவை. கணவருக்கும் சோதனை தேவை.

இரண்டாவது, சத்து மாத்திரை. நம் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிரோடு சேர்ந்தால், குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போகும் மருந்து குறைந்துவிடும். நாள் தவறாமல் சாப்பிட்டும் வைரல் லோடு இறங்கவில்லையே என்று திகைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வழி எளிது. சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பு எச்ஐவி மாத்திரையைச் சாப்பிடலாம், அல்லது 6 மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். அதுவும் முடியாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். எந்த நேரம் எது என்று மருந்து தருகிறவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, தாய்வீடு. இதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் கருத்து. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது நம் ஊர் வழக்கம். சிகிச்சைப் பதிவு புகுந்த ஊரில், பிரசவம் பிறந்த ஊரில். பிரசவத்துக்கு முன் வைரல் லோடு பார்க்க வேண்டிய 32 முதல் 36 வாரக் காலம், பெண் வீடு மாறுகிற அதே நாட்களில் வருகிறது. போகிற ஊரில் விவரம் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். சொந்தக்காரர் கூட்டத்தில் மாத்திரை டப்பாவை வெளியே எடுக்கவே தயக்கமாக இருக்கும். லேபிளைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்வார்கள். நாலு பேர் இருக்கிறார்களே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வேளை தவறும், அடுத்த வேளையும் தவறும். வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே ஏஆர்டி மையத்தில் சொன்னால், கையில் கூடுதல் மாத்திரையும், போகிற ஊர் மையத்துக்கு மாற்றுச் சீட்டும் வாங்கிக்கொள்ள முடியும். சத்து மாத்திரைகளோடு மாத்திரையாக அதைச் சாப்பிட்டால் யாரும் என்ன என்று கேட்கவும் போவதில்லை.

பிரசவம் பற்றிச் சுருக்கமாக. எச்ஐவி என்றாலே சிசேரியன்தான் என்பது பழைய எண்ணம். வைரல் லோடு நன்றாக அடங்கியிருந்தால் சுகப்பிரசவமே போதும். மற்ற பெண்களுக்கு எந்தக் காரணத்துக்காகச் சிசேரியன் செய்வார்களோ அதே காரணம் இருந்தால்தான் இவர்களுக்கும் தேவைப்படும். பனிக்குடத்தைத் தேவையில்லாமல் உடைப்பது, கருவி போட்டு இழுப்பது போன்றவற்றை மட்டும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். வைரல் லோடு அடங்காதவர்களுக்கு எது நல்லது என்று மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

பால் கொடுக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான்.

எச்ஐவி தாய்ப்பாலில் இருக்கும் என்பது உண்மை. அப்படியானால் புட்டிப்பால் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஒரு காலத்தில் பல நாடுகள் அப்படித்தான் செய்தன. போட்ஸ்வானாவில் அரசே இலவசமாகப் பால்மாவு கொடுத்தது. 2006 தொடக்கத்தில் அங்கே பெருமழை பெய்து, குடிநீர் கெட்டு, வயிற்றுப்போக்கு பரவியது. ஏராளமான குழந்தைகள் இறந்தன. இறந்தவர்களில் பெரும்பாலானவை புட்டிப்பால் குடித்த குழந்தைகள். எச்ஐவியிலிருந்து தப்பிய பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டால் என்ன பயன்?

மாத்திரை இந்தக் கணக்கை மாற்றியது. ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த பெரிய ஆய்வில், தாய் சிகிச்சையில் இருந்துகொண்டு பால் கொடுத்தபோது, பால் வழியாகத் தொற்று வந்தது 6 மாதத்தில் 0.3 சதவீதம், 12 மாதத்தில் 0.6 சதவீதம். ஆயிரத்தில் மூன்று, ஆறு. இது பூஜ்யம் இல்லை. சுத்தமான தண்ணீரும் விடாமல் பால்மாவு வாங்க வசதியும் உள்ளவர்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர்ப்பது ஒரு தேர்வாக இன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்கு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே பாதுகாப்பான வழி.

"மட்டும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பாதி தாய்ப்பால், பாதி வேறு பால் என்று கலந்து கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில்தான் இது முதலில் தெளிவாகத் தெரிந்தது. வேறு பாலும் நீரும் பச்சிளம் குடலின் உள்தோலைப் புண்ணாக்கும் என்றும், அந்தப் புண் வழியாகத் தாய்ப்பாலில் உள்ள கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது என்றும் விளக்குகிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம்? பிறந்தவுடன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைக்கும் சேனை. தொண்டை கட்டாமல் இருக்க ஒரு பாலாடை கழுதைப்பால். குளிப்பாட்டிய பிறகு கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்து. வெயில் காலத்தில் இரண்டு வாய் தண்ணீர். எல்லாம் பாசத்தோடு கொடுப்பவை. எல்லாமே கலப்புதான். எந்தக் குழந்தைக்குமே ஆறு மாதம் வரை இவை வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே வீட்டில் காரணத்தைச் சொல்ல முடியாத தாய், டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொன்னால் போதும். அது முழு உண்மையும்கூட. சீம்பால் கொடுக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த சிரப்பும் சொட்டு மருந்தும் கலப்பில் சேராது.

ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு தொடங்கி, தாய்ப்பாலும் தொடரலாம். அந்த நாட்கள் முழுக்கத் தாய் மாத்திரையை விடக் கூடாது. காம்பில் வெடிப்போ, மார்பில் சீழோ வந்தால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும்.

குழந்தைக்கு என்ன மருந்து, எப்போது சோதனை?

பிறந்தவுடன் குழந்தைக்கு நெவிராபின் சிரப் தொடங்குவார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு நாளுக்கு ஒரு வேளை ஒன்றரை மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விட வேண்டும். ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். தாயின் வைரல் லோடு அடங்கவில்லை, சிகிச்சை தாமதமாகத் தொடங்கியது, பிரசவ அறையில்தான் எச்ஐவி தெரிந்தது என்பது போன்ற நிலைகளில் ஒன்றுக்கு இரண்டு மருந்தாகவும் கூடுதல் வாரங்களுக்கும் கொடுப்பார்கள்.

சோதனை விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் அழுகின்றன. காரணம் இது. வழக்கமான எச்ஐவி சோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும். ஆகவே பிறந்த குழந்தையை அந்தச் சோதனையில் பார்த்தால், தொற்றே இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் என்று வரும். வெளியில் ஏதோ ஒரு லேபில் அவசரப்பட்டு எடுத்துவிட்டு, பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று ஒரு குடும்பம் நொறுங்கிப்போகத் தேவையே இல்லை.

குழந்தைக்குச் செய்ய வேண்டியது கிருமியின் மரபுப் பொருளையே நேராகத் தேடும் பிசிஆர் சோதனை. ஆறாவது வாரத்தில், அந்த வாரத் தடுப்பூசிக்கு வரும்போதே எடுத்துவிடலாம். பாதத்தின் குதிகால் ஓரத்தைச் சற்று சூடுபடுத்தி, மெல்லக் குத்தி, வட்டங்கள் அச்சிட்ட தடித்த காகித அட்டையில் வட்டத்துக்கு ஒன்றாக ரத்தத்தை ஒற்றி எடுப்பார்கள். வெயில் படாமல் உலர வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குளிர்பெட்டிகூட வேண்டாம் என்பதால் மலைக்கிராமத்திலிருந்தும் அனுப்ப முடிகிறது.

அட்டவணை இதுதான்:

1. 6 வாரம்: பிசிஆர். இணைத்தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் இப்போது தொடங்கும்.
2. 6 மாதம்: மறுசோதனை.
3. 12 மாதம்: மறுசோதனை.
4. 18 மாதம்: இறுதி எதிர்ப்புப் புரதச் சோதனை. தாயின் புரதம் இதற்குள் கரைந்திருக்கும். பால் நிறுத்தி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் வந்த கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. இப்போது இல்லை, பிறகு வருமா? தாய்ப்பால் தொடரும்வரை வாய்ப்பு முழுக்க மூடவில்லை. அதனால்தான் ஒரு சோதனையோடு விடுவதில்லை. பால் நிறுத்திய பிறகு செய்யும் இறுதிச் சோதனையில் இல்லை என்று வந்துவிட்டால், தாயிடமிருந்து அந்தக் குழந்தைக்கு இனி வராது.

எல்லா முயற்சியும் மீறித் தொற்று வந்துவிட்டால்? ஒரு நாளும் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தொற்று உறுதியானவுடன் மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறையும் என்று 2008இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியது. ஆறாவது வாரச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

இலங்கை செய்து காட்டியது

தாய் சேய் தொற்றை ஒழித்த முதல் நாடு என்று 2015இல் கியூபாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 2016இல் தாய்லாந்து, 2018இல் மலேசியா, 2019இல் மாலத்தீவு. 2019 டிசம்பரில் இலங்கையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே 2017க்குப் பிறகு தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி போன ஒரு நிகழ்வும் பதிவாகியிருக்கவில்லை. இலங்கையில் தொற்று விகிதமே குறைவு என்பது உண்மை. அதோடு, கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகும் குடும்பநல மருத்துவ மாதுக்கள் எனப்படும் பேறுகாலச் செவிலியரின் பல பத்தாண்டு உழைப்பு அதன் அடியில் இருக்கிறது. கர்ப்பிணி மையத்துக்கு வராவிட்டால் மாது வீட்டுக்குப் போவார்.

தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார், நம்பிக்கை மையம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டதே சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அன்றைக்கு எச்ஐவி உள்ள பெண்ணுக்குக் குழந்தை வேண்டாம் என்பதே அறிவுரையாக இருந்தது.

இன்றைக்கு அந்தப் பெண் ஏஆர்டி மையத்து ஆலோசகரிடம் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டால், ஆலோசகர் முதலில் அவருடைய கடைசி வைரல் லோடு சீட்டை எடுத்துப் பார்ப்பார். அதில் எண் 50க்குக் கீழே இருந்து, மாத்திரையும் விடாமல் தொடர்ந்தால், அவர் பிரெஞ்சுக் கணக்கின் அந்த 2,651 பேர் வரிசையில்தான் கர்ப்பத்தைத் தொடங்குகிறார்.